ப்ளூடூத்தில் பாட்டு தெளிவு, பேச்சு மட்டும் ஏன் மங்கல்?



இப்போதெல்லாம் குழுக் கூட்டத்துக்கு வருகிற பத்துப் பேரில் நாலைந்து பேர் கழுத்தில், தாலிக்கொடியோடு சேர்ந்து இன்னொரு கயிறும் தொங்குகிறது. நெக்பேண்ட் என்று சொல்கிறோமே, அந்த ப்ளூடூத் ஹெட்செட்தான். தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர்கள், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவர்கள் என்று எல்லாரிடமும் இருக்கிறது. கை வேலையை விடாமல் போன் பேசலாம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய வசதி! அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதவில்லை.

ஆனால் இதைப் பற்றி உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க்கா, பாட்டுக் கேக்கறப்ப கணீர்னு இருக்குது. போன் வந்தா மட்டும் கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குதே, மிஷின் கெட்டுப் போச்சுங்களா?"

மிஷின் கெட்டுப் போகவில்லை. அதன் அமைப்பே அப்படி. ஏன் அப்படி, இப்போது வந்திருக்கிற புது முறையில் அது எப்படி மாறுகிறது, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். இதில் நம் காதும் சம்பந்தப்பட்டிருக்கிறது. குறிப்பாகத் தறிச் சத்தத்தில் பல வருஷம் நின்ற காது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராஜா பேரில் ஒரு ரேடியோ

ப்ளூடூத் என்பது ஒரு சின்ன ரேடியோ, அவ்வளவுதான். 1994-இல் சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில் இதற்கான வேலை தொடங்கியது. 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தன. ஆமாம், நம்மைப் போலவே கூட்டமைப்புதான்! தனித்தனியாக ஆளுக்கொரு விதமாகச் செய்தால் ஒரு கம்பெனி போனோடு இன்னொரு கம்பெனி ஹெட்செட் பேசாது. அதனால் எல்லாரும் ஒரே விதிமுறைக்குக் கட்டுப்படுவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த விதிமுறையைத்தான் 'ஸ்டாண்டர்டு' என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு ப்ளூடூத் என்ற ராஜாவின் பெயரை வைத்தார்கள். பிரிந்து கிடந்த கூட்டங்களை ஒன்றாகச் சேர்த்தவர் என்பதால் அந்தப் பெயர். போனில் பார்க்கும் அந்தக் குறிகூட அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களைப் பழங்கால எழுத்தில் எழுதிச் சேர்த்ததுதான்.

ப்ளூடூத் ஓடுகிற அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசைதான். தண்ணீரும் நம் உடம்பும் இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். போனை இடது இடுப்பில் சொருகிக்கொண்டு வலது காதில் மட்டும் மாட்டினால் விட்டு விட்டுக் கேட்பது இதனால்தான். நடுவில் நம் உடம்பு நிற்கிறது. போனையும் காதையும் ஒரே பக்கமாக வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை சரியாகும்.

பஞ்சு பேலும் பேச்சும்

ஜின்னிங் ஃபேக்டரியில் பஞ்சை அப்படியே லாரியில் அள்ளிப் போட்டு அனுப்புவார்களா? மாட்டார்கள். பிரஸ்ஸில் அழுத்தி, 170 கிலோ பேலாகக் கட்டி அனுப்புவார்கள். மில்லில் கொண்டுபோய்ப் பிரித்து, உதறி எடுப்பார்கள். ஒலியையும் இதே மாதிரிதான் போன் அழுத்திக் கட்டுகிறது, ஹெட்செட் பிரித்து உதறுகிறது. இப்படி அழுத்திப் பிரிக்கிற முறைக்கு 'கோடெக்' என்று பெயர். பிரஸ் நல்லதாக இருந்தால் சின்ன வண்டியிலும் நிறையப் பஞ்சு போகும், நாரும் கெடாது. பிரஸ் மட்டமாக இருந்தால் நார் நசுங்கிப் போகும்.

பழைய ப்ளூடூத்தில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று பாட்டுக்கு. போனிலிருந்து காதுக்கு ஒரு பக்கமாக மட்டும் ஒலி வரும். வண்டி முழுக்க அதற்கே இடம், அதனால் தெளிவாக இருக்கும். இன்னொன்று பேச்சுக்கு. அதில் அவர்கள் குரல் நம் காதுக்கும், நம் குரல் மைக்கிலிருந்து போனுக்குமாக இரண்டு பக்கமும் போக வேண்டும். அதற்காக ஒதுக்கிய பாதை ரொம்பக் குறுகல். மைக் திறந்த அந்த நொடியே ஹெட்செட் பாட்டுப் பாதையை விட்டுவிட்டுப் பேச்சுப் பாதைக்கு இறங்கிவிடுகிறது. வட்டார அலுவலகத்திலிருந்து வீடியோ மீட்டிங் போடும்போதும் இதுவேதான் நடக்கிறது. பேசுகிறவர் அலுவலர், கேட்பதோ கிணற்றுத் தவளை!

எவ்வளவு குறுகல் என்று கேட்டால், பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கேன் முழுவதையும் சோதிக்க மாட்டார்கள், கொஞ்சம் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். அதுபோலக் குரலையும் ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று மாதிரி எடுப்பார்கள். பழைய பேச்சுப் பாதையில் நொடிக்கு 8,000 மாதிரி. எத்தனை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதி அதிர்வு வரைக்கும்தான் ஒலியைப் பிடிக்க முடியும் என்பது கணக்கு. ஆக 4,000 அதிர்வுக்கு மேலே உள்ள ஒலி எதுவுமே வராது. பழைய டெலிபோன் லைன் இன்னும் மோசம், சுமார் 300 முதல் 3,400 வரைதான் கொண்டு போகும்.

"போனா என்ன, பேச்சுப் புரிஞ்சாப் போதாதா?" என்று தோன்றும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கீழே உள்ள அதிர்வில் இருப்பதால் தப்பிவிடும். ஆனால் 'ஸ்', 'ஃப்' போன்ற காற்றொலிகளின் பலம் பெரும்பாலும் 4,000-க்கு மேலேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் 'எஸ்' என்பதும் 'எஃப்' என்பதும் ஒரே மாதிரி கேட்கும்.

இது நமக்குச் சின்ன விஷயமில்லை, சகோதரிகளே. உறுப்பினர் கணக்குக்குப் பணம் அனுப்ப பேங்க்கின் ஐ.எஃப்.எஸ்.சி. நம்பரைப் போனில் கேட்டு எழுதுகிறோம். அதில் எழுத்துக்கள் வரும். 'எஸ்' என்று சொன்னதை 'எஃப்' என்று எழுதினால் பணம் போகாமல் நிற்கும், பாஸ்புக்கும் மினிட் புத்தகமும் பொருந்தாமல் கணக்காளர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அதனால் எழுத்து வரும் எதையும் போனில் காதால் மட்டும் வாங்காதீர்கள். எழுதி அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொகையையும் "அம்பதா, எம்பதா" என்று சந்தேகம் வரும்போது "அஞ்சு, சைபர்" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்பதே நல்லது. இந்த அம்பது, எம்பது குழப்பத்துக்கு ப்ளூடூத் மட்டும் காரணமில்லை. பின்னால் ஓடும் சத்தமும் நாம் பேசும் வேகமும் சேர்ந்த குழப்பம் அது. ஆனால் தலைவலி ஒன்றுதான்.

சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனம்?

விதிமுறை அப்படியே நின்றுவிடவில்லை. 2011-இல் பேச்சுப் பாதையை அகலப்படுத்தினார்கள். நொடிக்கு 16,000 மாதிரி, அதாவது முன்னைப் போல இரண்டு மடங்கு. அதை 'எச்.டி. வாய்ஸ்' என்று சொல்வார்கள்.

இதற்கு நடுவில் போன் லைனும் மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது 4ஜி லைனிலேயே பேச்சும் போக ஆரம்பித்தது. போன் மேல்பக்கம் 'வோல்டி' என்று சின்னதாக எழுதியிருக்குமே, அதுதான். அதில் 7,000 அதிர்வு வரை குரல் போகும். பிறகு மற்ற கம்பெனிகளும் கொடுத்தன. முன்பைவிட இப்போது போன் பேச்சு தெளிவாக இருக்கிறது என்று நமக்கே தெரியும்.

ஆனால் ஒரு கண்ணி பலவீனம் என்றால் சங்கிலியே பலவீனம்தான். நம் போனிலும் எச்.டி., அவர்கள் போனிலும் எச்.டி., நடுவில் லைனும் எச்.டி. என்றாலும், காதில் மாட்டியிருப்பது பழைய முறை ஹெட்செட் என்றால் கடைசி நாலடி தூரத்தில் எல்லாம் வீணாகிவிடும். வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் வந்து, மடை வாயில் அடைத்துக்கொண்ட மாதிரி.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். யாரோடாவது பேசிக்கொண்டே ஹெட்செட்டை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வையுங்கள். குரல் சட்டென்று தெளிந்தால் குறை ஹெட்செட்டில். அப்போதும் மங்கலாகவே இருந்தால் குறை லைனில், அல்லது எதிர்ப்பக்கம். ஹெட்செட்டை மாற்றிப் பணம் செலவழிப்பதற்கு முன் இதை ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

புது முறை: எல்.ஈ. ஆடியோ

இப்போது வந்திருக்கும் பெரிய மாற்றத்துக்கு 'எல்.ஈ. ஆடியோ' என்று பெயர். குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் ஒன்று 2010 முதலே இருந்தது. கைக்கடிகாரம் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள், அதில் ஒலி போகாது. அந்தச் சிக்கனப் பாதையிலேயே ஒலியையும் அனுப்பலாம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். விதிமுறைகள் முழுவதும் எழுதி முடிய 2022 ஆனது.

இதில் வைத்திருக்கும் புதுப் பிரஸ்ஸின் பெயர் எல்.சி.3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையமும் எரிக்சனும் சேர்ந்து செய்தது. பழைய பாட்டுப் பிரஸ்ஸோடு ஒப்பிட்டால் சுமார் பாதி இடத்திலேயே அதே தரத்தில் ஒலியைக் கட்டிவிடும். வண்டியில் இடம் மிச்சமாவதால் பேச்சுக்கு 16,000-உம் கொடுக்கலாம், 32,000 மாதிரியும் கொடுக்கலாம். 'எஸ்', 'எஃப்' இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை என்ற தகராறும் தீர்கிறது. மைக்கைத் திறந்தாலும் குரல் கிணற்றுக்குள் விழாது.

பேட்டரிச் செலவும் குறையும். காதில் செருகும் பட்ஸில் பழைய முறையில் பலவற்றில் போன் ஒரு காதுக்கு அனுப்பி, அந்தக் காது மறு காதுக்கு அனுப்பும். அதனால் ஒரு பட்ஸ் சீக்கிரமே சார்ஜ் இறங்கிவிடும். புது முறையில் போன் இரண்டு காதுக்கும் நேராக அனுப்புகிறது. படம் பார்க்கும்போது வாய் முந்தி, வசனம் பிந்தி வருகிற கோளாறும் குறையும்.

இங்கேதான் கடைக்காரர் பேச்சில் ஏமாறக் கூடாது. "அக்கா, இது ப்ளூடூத் 5.3, லேட்டஸ்ட்" என்பார். 5.2, 5.3, 5.4 என்று நம்பர் இருப்பதால் மட்டும் எல்.ஈ. ஆடியோ இருக்கிறது என்று அர்த்தமில்லை. புது நம்பர் உள்ள சாமானில் அந்த வசதியை வைப்பதும் வைக்காததும் கம்பெனி இஷ்டம். பெட்டியின் மேல் எல்.ஈ. ஆடியோ அல்லது எல்.சி.3 என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஹெட்செட்டில் இருந்தால் மட்டும் போதாது, போனிலும் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்துதான் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் எல்லா மாடலிலும் கிடையாது. போன் செட்டிங்ஸில் ப்ளூடூத் பகுதிக்குப் போய் ஹெட்செட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால், வசதி இருக்கிற பல போன்களில் எல்.ஈ. ஆடியோ என்று ஒரு சுவிட்ச் தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், உள்ள போன் பழசு என்றால் இதற்காக அதிக விலை கொடுத்துப் புது ஹெட்செட் வாங்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்து பிரயோஜனமில்லை. கூட்டமைப்புக் கணக்காளர், சமுதாய வள பயிற்றுநர் போல நாள் முழுக்கப் போன் பேசுகிறவர்களுக்கு, மைக் வைத்த சாதாரண வயர் இயர்போன் நல்லது. சார்ஜ் வேண்டாம், குரல் மங்காது, தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. பழசு என்பதால் யாரும் சிரிக்கப் போவதில்லை. சிரித்தால் சிரிக்கட்டும்!

ஏ.என்.சி. வேறு, ஈ.என்.சி. வேறு

பெட்டியில் ஈ.என்.சி. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். தறிக்குடோனுக்குள் நின்றாலும் நமக்குச் சத்தம் கேட்காது என்று நினைத்து வாங்குகிறோம். அது அப்படியல்ல. ஈ.என்.சி. என்பது நம் மைக்கில் நுழையும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது. பலன் எதிர்ப்பக்கம் கேட்பவருக்கு. நம் காதுக்கு ஒரு பலனும் இல்லை. நம் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது ஏ.என்.சி. அதுவும் பஸ் எஞ்சின், மின்விசிறி மாதிரி ஒரே சீராக இழுக்கும் 'ம்ம்ம்' சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். நாடா அடிக்கிற 'டக்கு டக்கு' சத்தத்தை அதனால் பிடிக்க முடியாது. இரண்டுமே காதைக் காக்கும் பாதுகாப்புச் சாதனம் அல்ல.

தறிக் காது

சோமனூர், பல்லடம், மங்கலம், அவிநாசிப் பக்கம் உள்ள சகோதரிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசைத்தறி ஓடுகிற குடோனுக்குள் பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமானால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். தறிக்குடோன்களில் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் உச்சமே 90 டெசிபல்தான்.

இப்படிப்பட்ட சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றால் காது முழுவதும் ஒரே நாளில் அடைத்துப் போகாது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதற்குள் மிக நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. சத்தம் அவற்றைச் சாய்க்கிறது. நாற்று சாய்ந்தால் நிமிரும், இவை செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் அடி வாங்குவது 4,000 அதிர்வைக் கேட்கிற இடம். பிறகுதான் இரண்டு பக்கமும் பரவும்.

மேலே படித்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய போன் பாதை வெட்டிவிடுகிற ஒலியும், தறிச் சத்தம் நம் காதிலிருந்து பறித்துக்கொள்கிற ஒலியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கின்றன. அதனால்தான் பல வருஷம் தறி ஓட்டியவர்கள், "சத்தம் கேக்குது கண்ணு, என்ன சொல்றாங்கன்னுதான் புரியமாட்டீங்குது" என்கிறார்கள். உயிரொலி கேட்கிறது, மெய்யொலி தவறிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்களோ "அம்மாவுக்குக் காது கேக்கும், வேணும்னே கேக்காத மாதிரி இருக்குது" என்று சண்டை போடுகிறார்கள். பாவம், அது பொய்யல்ல.

இந்த நிலையில் தறிக்குடோனுக்குள் ப்ளூடூத் மாட்டிப் பாட்டுக் கேட்டால் என்ன ஆகும்? வெளியே 90-க்கு மேல். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் வால்யூமை அதற்கும் மேலே ஏற்றியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்கள் இப்படிக் கருவியில் கேட்கலாம் என்பது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் 90-இல் வாரத்துக்குச் சுமார் 4 மணி நேரம். 100-இல் சுமார் 20 நிமிஷம்தான், அதுவும் நாளைக்கு அல்ல, வாரத்துக்கு! நாமோ ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கேட்கிறோம். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு, 75 டெசிபல்தான்.

தறிக்குடோனுக்குள் நுழையும்போது வேண்டியது ஃபோம் காதடைப்பான். மெடிக்கல் ஷாப்பிலும் பாதுகாப்புச் சாமான் கடையிலும் கிடைக்கும். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும், பத்து நொடி அழுத்திப் பிடித்தால் விரிந்து உட்காரும். வெறும் பஞ்சை அடைப்பது போதாது. பாட்டும் போனும் டீ நேரத்தில், குடோனுக்கு வெளியே வந்து. முதலாளி வாங்கித் தர வேண்டிய சாமான் இது. ஒருத்தர் கேட்டால் தட்டிக் கழிப்பார், குழுவாகப் போய்க் கேட்டால் வாங்கிக் கொடுப்பார்.

காது மிஷினும் புது ப்ளூடூத்தும்

எல்.ஈ. ஆடியோவால் அதிகப் பலன் பெறப் போவது பாட்டுக் கேட்பவர்கள் அல்ல, காது மிஷின் போடுகிறவர்கள் என்பது என் எண்ணம். இதுவரை காது மிஷின்காரர்கள் போன் பேசுவது பெரும்பாடு. போனை மிஷின் மேல் வைத்தால் கீச்சென்று கத்தும். ஆப்பிள் 2013 வாக்கில் தன் போனுக்கென்று ஒரு வழி செய்தது, கூகுள் 2018-இல் ஆண்ட்ராய்டுக்கு வேறொரு வழி செய்தது. இவருடையது அவருக்குச் சேராது. புது ஸ்டாண்டர்டில் காது மிஷினுக்கென்றே பொது விதிமுறை எழுதியிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி மிஷினும் எந்தக் கம்பெனி போனோடும் நேராகப் பேச வேண்டும் என்பது நோக்கம்.

இதோடு 'ஆராகாஸ்ட்' என்று இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. இது மைக்செட் கட்டுவது போல. ஒரு பெட்டி ஒலிபரப்பும், சுற்றிலும் எத்தனை பேர் காதில் வேண்டுமானாலும் அது நேராக விழும். கோயில் சொற்பொழிவு, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, கிராமசபைக் கூட்டம் எல்லாவற்றையும் எதிரொலி இல்லாமல் காது மிஷின்காரர் கேட்கலாம். நம் ஊர்களுக்கு வர நாளாகும். ஆனால் பெரிய மண்டபத்தில் நூறு மகளிர் குழு கூடும்போது பின்வரிசையில் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் அக்காமார்களை நினைத்தால், சீக்கிரம் வரட்டும் என்றுதான் தோன்றுகிறது.

காது மந்தமாக இருக்கிறது என்றால் சந்தையிலோ ஆன்லைனிலோ கிடைக்கிற 'சத்தம் கூட்டும் மிஷினை' வாங்கி மாட்டாதீர்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் கூட்டும். கேட்கிற ஒலி இன்னும் பலமாகி மிச்சமுள்ள காதையும் கெடுக்கும். ப்ளூடூத் ஹெட்செட்டை முழு வால்யூமில் வைத்துச் சமாளிப்பதும் அதே தப்புதான். குழுவில் உள்கடன் எடுத்து மிஷின் வாங்க நினைக்கிறவர்கள், கடனுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் பரிசோதனைக்குப் போங்கள். சில பேருக்குக் குரும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே சரியாகிவிடும்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். ஈரோடு பக்கத்தவர்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்கும்போது கையைத் தூக்கச் சொல்வார்கள். வலி ஒன்றும் கிடையாது. முடிவை ஒரு கோட்டுப்படமாகக் கொடுப்பார்கள். தறி ஓட்டியவர்களுக்கு அந்தக் கோடு 4,000 என்ற இடத்தில் பள்ளம் விழுந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனை வருஷம் தறியில் வேலை பார்த்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குறைபாட்டின் அளவுக்குத் தகுந்தபடி மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்தால், கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம், இலவசமாகவே தருகிறார்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு, 6 வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை "லேட்டாப் பேசும், அவங்கப்பனும் அப்படித்தான்" என்று சொல்லி வைத்திருந்தால் அந்த வயது தாண்டிவிடும். உங்கள் குழுவில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் ஊக்குநர் இந்த மாதமே கூட்டிப் போக வேண்டும்.

கடையில் நிற்கும்போது

புதிதாக ஹெட்செட் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்குச் சில வார்த்தை. ப்ளூடூத் இயர்போனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியில் தரக் குறியும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி என்று காட்டும். பஸ் ஸ்டாண்டில் பெரிய கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விற்கிற சாமானில் இது தேறாது.

வயலிலும் தொழுவத்திலும் வேலை செய்கிறவர்கள் தனித்தனி பட்ஸ் வாங்காமல் நெக்பேண்ட் வாங்குங்கள். சோளத்தட்டுக்குள் விழுந்த பட்ஸைத் தேடி எடுத்தவர் கிடையாது. வண்டி ஓட்டும்போதும், தண்டவாளம் தாண்டும்போதும் இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுங்கள்.

கடையில் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். பாட்டில் எல்லா ஹெட்செட்டும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் உங்கள் போனில் இணைத்து, குழுத் தோழி ஒருவருக்குக் கூப்பிட்டு, பேங்க்கின் ஐ.எஃப்.எஸ்.சி. நம்பரை ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நீங்கள் படித்து, அவரை எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் எழுத்துத் தப்பாமல் வந்தால் பில் போடச் சொல்லலாம்.